டெலிபோன் ஏகபோகம் நீங்கிய வரலாறு

ஒரு தொழில் ஒருவர் கையிலேயே நிலைத்திருப்பதனால் விளையும் நன்மை தீமைகளை வியாபாரமும் விவசாயமும் செய்து ஜீவிக்கும் நம்மவர் அறிந்திருத்தல் அவசியமாகும். அதற்கு டெலிபோனின் சரித்திரம் தக்கதோர் உதாரணமாம்.

1882-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் டெலிபோன் நிலையங்கள் திறக்கப்பட்டன. அவற்றை முதலில் நடத்தியவர் தனிக் கம்பெனியாரே. 1885-ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் இத்தொழிலின் தனியுரிமையைத் துரைத்தனத்தாருக்கு அளித்தது. கம்பெனிகள் அவர்தம் அனுமதியின்மேல் நடந்தன. 1943-இல் அம்மூன்று நகரத்து நிலையங்களும் சர்க்கார் வசமாயின.

இவ்வேகபோகத்திற்கு நியாயமும் உண்டு. ஒரே தெருவில் இருவர் கம்பி நாட்டுதல் வீண் செலவு. நெடுந்தூரப் பேச்சில் கிட்டும் லாபத்தைக் கொண்டு கிராமத்தின் நஷ்டத்தை ஈடுசெய்யலாம் என்பது அறிஞர் கருத்து. ஆயினும் பலன் யாது? 1991-இல் ஏறத்தாழ 84 கோடி ஜனங்களுக்கு 50 லட்சம் டெலிபோன்களே இருந்தன. மனுச் செய்தவர் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் ஆராய்ச்சி நிலையம் சிற்றூர்களுக்கேற்ற இணைப்பகங்களை அமைத்தது. அதன்பின் கடைவீதிதோறும் தோன்றிய எஸ்.டி.டி. கூடங்கள் ஏழைகளுக்குப் பேருதவி புரிந்தன.

அந்த 1984-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளன்றுதான் அமெரிக்காவில் ஏ.டி. அண்டு டி. என்னும் மாபெரும் கம்பெனியினின்றும் உள்ளூர் டெலிபோன்கள் பிரிக்கப்பெற்று, ஏழு கம்பெனிகள் ஆயின. அங்கே பிரிந்தது தனியார் ஏகபோகம். நம் நாட்டில் தளர்ந்தது சர்க்கார் ஏகபோகம்.

1994-ஆம் ஆண்டுக் கொள்கை தனியாருக்குக் கதவு திறந்தது. 1995 ஜூலை 31-இல் கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு டில்லியிலிருந்த சுக்ராம் அவர்களுடன் செல்பேசியில் உரையாடினார். அக்காலத்தில் வந்த அழைப்பிற்கும் காசு கொடுக்க வேண்டியிருந்தது. 2003-இல்தான் அவ்வழக்கம் நீங்கிற்று. ஆடுபவரே நடுவராயிருத்தல் தகாதென்று 1997-இல் ஒழுங்குமுறை ஆணையம் சட்டப்படி நிறுவப்பட்டது. 2000 அக்டோபரில் சர்க்கார் இலாகாவின் தொழில் பி.எஸ்.என்.எல். என்னும் கம்பெனியாயிற்று. 2002-இல் வெளிநாட்டுப் பேச்சின் தனியுரிமையும் முடிவுற்றது.

இவ்வரலாறு நமது திருத்தணிக்கு ஒரு விசேஷத்தை உண்டாக்கிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் இவ்வூர் சித்தூர் ஜில்லாவினின்றும் சென்னை ராஜ்யத்திற்கு வந்ததை முதியோர் அறிவர். அந்த எல்லைக்கோடே பின்னர்ச் செல்பேசி வட்டங்களின் எல்லையுமாயிற்று. நகரியிலும் புத்தூரிலும் பெண் கொடுத்துப் பெண் கொண்ட குடும்பங்கள், சில கல் தொலைவு சென்றதும் வெளி வட்டத்துக் கட்டணம் செலுத்த நேர்ந்தது. ராஜ்ய எல்லை உறவினரைப் பிரிக்கவில்லை. கட்டணச் சீட்டுப் பிரித்தது. போட்டி மிகுந்து விலை வீழ்ந்த பின்னரே அத்தொல்லை தணிந்தது.

ஆயின் போட்டியும் தானே நிலைப்பதன்று. 2008-இல் முறைகேடாக வழங்கப்பட்டன என்று 122 அனுமதிகளை உச்ச நீதிமன்றம் 2012-இல் ரத்துச் செய்தது. 1999-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய ஏர்செல் 2018-இல் வீழ்ந்தபோது, நம் ராஜ்யத்து லட்சக்கணக்கான செல்பேசிகள் ஊமையாயின. எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றும் உரிமை 2011-இல் நாடெங்கும் வந்திருந்தமையால் பலர் தம் எண்ணைக் காத்துக்கொண்டனர். பல கம்பெனிகள் இருந்த துறையில் பெரிய தனிக் கம்பெனிகள் இன்று மூன்றே.

ஆதலின் ஏகபோகம் ஒருமுறை ஒழிந்தால் மீண்டும் வாராதென்று எண்ணற்க. ஓரிடத்துச் சரக்குப் பிடிக்காவிடின் மற்றோரிடம் செல்லும் சுதந்தரமே வாங்குவோனுக்குக் காப்பு. அதனைச் சட்டத்தாலும் விழிப்பாலும் காத்தல் வேண்டும். நம் இளைஞர் இதனைச் சிந்திப்பாராக.