உடைய மறுத்த கண்ணாடி

1950-களின் தொடக்கம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கார்னிங் என்றொரு சிற்றூர். ஊரின் பெயரையே தன் பெயராகக் கொண்ட கண்ணாடி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், டான் ஸ்டூக்கி என்ற வேதியியலாளர் ஒரு கண்ணாடித் துண்டை உலைக்குள் வைத்தார். வெள்ளி கலந்த, ஒளி பட்டால் படம் பதியும் கண்ணாடி அது. 600 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. உலையை அந்த அளவுக்கு அமைத்துவிட்டு ஸ்டூக்கி நகர்ந்தார்.

திரும்பி வந்து பார்த்தால் உலை 900 டிகிரியில் தகதகத்துக்கொண்டிருந்தது. வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி பழுதாகி, சூடு தன்பாட்டுக்கு ஏறிவிட்டிருந்தது. கண்ணாடி உருகிக் கூழாகி உலையின் அடியில் ஒட்டியிருக்கும், உலையே பாழாகியிருக்கும் என்ற பதைப்போடு கதவைத் திறந்தார். கூழ் எதுவும் இல்லை. வைத்த வடிவம் சற்றும் குலையாமல் ஒரு தட்டு, ஆனால் பால் வெள்ளையாக மாறியிருந்தது. இடுக்கியால் பிடித்து வெளியே எடுக்கும்போது பிடி நழுவியது.

தரையில் விழுந்த தட்டு சிதறவில்லை. 'டங்' என்று உலோகத் தகடு விழுந்த சத்தம்தான் கேட்டது. எடுத்துப் புரட்டிப் பார்த்தார். விரிசல் இல்லை.

கூடுதல் சூட்டில் என்ன நடந்தது என்பது பிறகுதான் புரிந்தது. கண்ணாடிக்குள் இருந்த வெள்ளித் துகள்களைச் சுற்றி நுண்ணிய படிகங்கள் வளர்ந்து, பொருள் முழுவதும் பீங்கானுக்கு நெருக்கமான ஒன்றாகிவிட்டது. ஓடிவரும் விரிசலை அந்தப் படிகங்கள் குறுக்கே நின்று தடுத்தன. அந்த வழியில் பிறந்த பொருளுக்கு 'பைரோசெராம்' என்று பெயர் சூட்டினார்கள். அது ஏவுகணைகளின் மூக்குப் பகுதிக்குப் போனது. 1958-ல் 'கார்னிங்வேர்' என்ற சமையல் பாத்திரமாகி, நீலப் பூப் போட்ட வெள்ளைச் சட்டியாக அமெரிக்க வீடுகளுக்குள்ளும் நுழைந்தது. நிறுவனத்துக்கு நல்ல வருமானம். ஆனால் அதன் வழியே மறுபக்கத்தைப் பார்க்க முடியாது. பார்க்க முடியாத கண்ணாடியால் ஜன்னல் செய்ய முடியுமா?

நிறுவனத்தின் தலைவர் வில்லியம் டெக்கருக்கு இது உறுத்தியது. ஆய்வுப் பிரிவின் பொறுப்பிலிருந்த வில்லியம் ஆர்மிஸ்டெட்டிடம், கண்ணாடி உடைகிறது, அதற்கு ஒரு வழி செய்யக் கூடாதா என்று கேட்டார். நூற்றாண்டுப் பழக்கமுள்ள கண்ணாடி நிறுவனத்தின் தலைவரே இப்படிக் கேட்டால் விஞ்ஞானிகள் சும்மா இருப்பார்களா? 1960-களின் தொடக்கத்தில் 'தசை' என்ற பொருளில் 'மசில்' என்றொரு திட்டம் பிறந்தது.

கண்ணாடி நாம் நினைக்கிற அளவுக்கு நோஞ்சான் அல்ல. அதன் மேல்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கின்றன, வில்லங்கம் அங்கேதான். அடிபட்டாலோ வளைந்தாலோ மேல்பரப்பு இழுபடும், கீறல் வாயைப் பிளக்கும், கண்ணிமைக்கும் முன் விரிசல் மறுமுனையைத் தொட்டுவிடும். அப்படியானால் கீறலின் வாயை எந்நேரமும் இறுக்கி மூடிவைக்க வேண்டும். அதற்குக் கார்னிங் விஞ்ஞானிகள் கையிலெடுத்தது ஓர் உப்புக் குளியல்.

பட்டாசுத் தொழிலில் வெடியுப்பு என்று சொல்லப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டைச் சுமார் 400 டிகிரியில் உருக்கி, அந்தத் தொட்டிக்குள் கண்ணாடியை மணிக்கணக்கில் முக்கிவைத்தார்கள். கண்ணாடியின் மேல்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் உப்புக்குள் இறங்கிப்போக, அவை விட்டுப்போன இடங்களில் பொட்டாசியம் அயனிகள் வந்து அமர்ந்தன. பொட்டாசியம் அயனி உருவத்தில் பெரியது. நெரிசலான பேருந்தில் ஒரு சிறுவன் எழுந்துபோன இடத்தில் பருத்த ஆள் உட்கார்ந்தால் அந்த இருக்கையில் இருப்பவர்கள் எல்லாம் எப்படி நெருக்கப்படுவார்களோ, அப்படியே மேல்பரப்பு முழுவதும் நெருக்கப்பட்டு இறுகியது. ஆற வைத்த பிறகும் அந்த இறுக்கம் போகவில்லை. இது நடந்தும் கண்ணாடியின் தெளிவு துளியும் குறையவில்லை.

அடுத்து அதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒன்பது மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து கண்ணாடி டம்ளர்களை வீசினார்கள். உறையவைத்த கோழிகளைக் கண்ணாடித் தகடுகள் மீது ஏவினார்கள். முறுக்கினார்கள், வளைத்தார்கள். சாதாரணக் கண்ணாடி ஒரு சதுர அங்குலத்துக்குச் சுமார் 7,000 பவுண்டு அழுத்தம்வரை தாங்கும். நிறுவனத்துக்குள் 0317 என்ற எண்ணால் குறிப்பிடப்பட்ட இந்தக் கண்ணாடி 1,00,000 பவுண்டைத் தாங்கியது. 1962-ல் 'கெம்கார்' என்ற பெயரில் அது விற்பனைக்கு வந்தது. தொலைபேசிக் கூண்டு, சிறைச்சாலை ஜன்னல், மூக்குக் கண்ணாடி என்று எங்கும் இனி இதுதான் என்று நிறுவனம் கணக்குப் போட்டது.

கணக்கு தப்பியது. மூக்குக் கண்ணாடி செய்ய வாங்கினவர்கள் சரக்கைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. லேசில் உடையாது, ஆனால் உடைந்தால் உள்ளே அடைபட்ட இறுக்கம் முழுவதும் ஒரே நொடியில் விடுபட்டு வெடித்துச் சிதறலாம் என்ற பயம். கண்ணுக்கு இரண்டு விரல் முன்னால் அதை யார் மாட்டிக்கொள்வார்கள்? கடைசி நம்பிக்கை கார் நிறுவனங்கள். அமெரிக்கன் மோட்டார்ஸின் 'ஜாவ்லின்' கார்கள் சிலவற்றில் முன்கண்ணாடியாக ஏறியது. மோதல் சோதனை நடந்தது. கண்ணாடி தேர்ச்சி பெற்றது, தலைதான் தோற்றது. சாதாரண முன்கண்ணாடி மோதலில் நொறுங்கி அடியின் வேகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கெம்கார் அசையாமல் நிற்க, மோதிய தலைதான் முழு அடியையும் வாங்க வேண்டியிருந்தது. விலையும் அதிகம். கார் நிறுவனங்கள் கையை விரித்தன. 1971-ல் 'மசில்' திட்டம் மூடப்பட்டது.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். பத்தாண்டு உழைப்பு, கோடிக்கணக்கான டாலர், பயன் பூஜ்யம். அத்தனைக்குப் பிறகும் 0317-ன் செய்முறைக் குறிப்பை யாரும் குப்பையில் போடவில்லை. மாதிரிகளும் ஆவணங்களும் ஆய்வுக்கூடத்திலேயே இருந்தன. விற்காத சரக்கின் சூத்திரத்தைத் தலைமுறை தாண்டிக் காப்பாற்றும் பொறுமை எல்லா நிறுவனத்துக்கும் வாய்ப்பதில்லை.

இடைப்பட்ட காலத்தில் கார்னிங் வேறு பாதைகளில் ஓடியது. 1970-ல் அதன் விஞ்ஞானிகள் மூவர் ஒளியிழைக் கண்ணாடியை உருவாக்கினார்கள். 1990-களின் இணைய அலையில் அந்த ஒளியிழை நிறுவனத்தை உச்சிக்கு ஏற்றியது, அலை வடிந்ததும் பாதாளத்தில் தள்ளியது. 2000-ல் நூறு டாலரைத் தாண்டியிருந்த ஒரு பங்கு 2002-ல் இரண்டு டாலருக்கும் கீழே போனது. ஒளியிழைப் பிரிவை நடத்தியவர் வெண்டல் வீக்ஸ். அந்த அடியை நேருக்கு நேர் வாங்கிய மனிதர். 2005-ல் அவரே நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆனார். ஆபத்தான வாக்குறுதி எதையும் இனி கொடுக்கவே மாட்டார் என்று யாரும் நினைத்திருப்பார்கள்.

அந்தச் சமயத்தில் மோட்டோரோலாவின் 'ரேசர்' என்ற மடக்குப் போன் சக்கைப்போடு போட்டது. மற்ற போன்களில் திரைக்கு மேல் பிளாஸ்டிக் இருக்க, அதில் கண்ணாடி. கார்னிங்கில் ஒரு சிறு குழு அதைப் பார்த்துவிட்டுப் பழைய 0317 மாதிரிகளை வெளியே எடுத்தது. 4 மில்லிமீட்டர் வரை தடிமன் கொண்டவை. இதை மெல்லியதாக்க முடியுமா என்று யோசிக்கத் தொடங்கினார்கள். பொறுமையாக யோசிக்கத்தான் நேரம் கிடைக்கவில்லை.

2007 ஜனவரி 9. சான் பிரான்சிஸ்கோ மேடையில் ஸ்டீவ் ஜாப்ஸ் முதல் ஐபோனைத் தூக்கிக் காட்டினார். உலகமே வாய்பிளந்து பார்த்த அந்தப் போனின் முகப்பு வெறும் பிளாஸ்டிக். சட்டைப் பையிலும் சாவிக்கொத்தோடும் கிடந்தால் கோடு கோடாகக் கீறல் விழும். விரலால் தடவியே எல்லாவற்றையும் செய்ய வேண்டிய போனில் அதைச் சகித்துக்கொள்ள ஜாப்ஸ் தயாராக இல்லை. கண்ணாடிதான் வேண்டும் என்றார். தகுந்த கண்ணாடி வர மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும் என்றார் ஆப்பிளின் ஜெஃப் வில்லியம்ஸ். ஜூனில் போன் கடைக்கு வர வேண்டும் என்பது ஜாப்ஸின் பதில்.

அந்தத் தேடல் வீக்ஸிடம் வந்து நின்றது. இருவரும் சந்தித்ததை ஜாப்ஸின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய வால்டர் ஐசாக்சன் பதிவு செய்திருக்கிறார். கண்ணாடி எப்படிச் செய்ய வேண்டும் என்று ஜாப்ஸ் பாடம் எடுக்கத் தொடங்க, வீக்ஸ் அவரைப் பேச்சை நிறுத்தச் சொல்லிவிட்டு, பலகைக்குப் போய் அயனிகள் இடம் மாறும் கதையை வரைந்து விளக்கினாராம். ஜாப்ஸுக்குப் பிடித்துப்போயிற்று. கிடைக்கிற அளவெல்லாம் வேண்டும், உடனே வேண்டும் என்றார். எங்கள் ஆலைகளில் ஒன்றுகூட இப்போது அந்தக் கண்ணாடியைச் செய்யவில்லை என்றார் வீக்ஸ். முடியும், பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டு ஜாப்ஸ் நகர்ந்தார். ஒளியிழையில் கை சுட்டுக்கொண்ட வீக்ஸ் யோசித்துப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

கேட்டது 1.3 மில்லிமீட்டர் தடிமன். அந்த அளவில் உப்புக் குளியல் போட்ட கண்ணாடியை அதுவரை யாரும் பெருமளவில் செய்ததே இல்லை. கார்னிங் கையில் இருந்த ஒரே துருப்புச் சீட்டு, எல்சிடி திரைகளுக்காக அது பயன்படுத்திய ஒரு வார்ப்பு முறை. கென்டக்கி மாநிலம் ஹாரட்ஸ்பர்கில் அதற்கான ஆலை இருந்தது. நீளமான ஒரு தொட்டி, அதன் அடிப்பக்கம் ஆப்பு வடிவில் கூர்ந்து முடியும். உருகிய கண்ணாடியை ஊற்றிக்கொண்டே இருந்தால் தொட்டி நிரம்பி இருபுறமும் வழியும். இரண்டு வழிசலும் பக்கச்சுவரில் இறங்கி, அடி முனையில் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே தகடாகக் காற்றில் தொங்கியபடி கீழே வரும். தகட்டின் இரு முகங்களையும் காற்றைத் தவிர வேறு எதுவும் தொடுவதில்லை. அதனால் மெருகேற்றாமலே அப்பழுக்கற்ற பரப்பு கிடைக்கும். 1960-களின் 0317 இப்படி வழிவதற்கு ஏற்ற சேர்மானம் அல்ல. வழிய வேண்டும், மெல்லியதாக இறங்க வேண்டும், பிறகு உப்புக் குளியலில் இறுகவும் வேண்டும். விஞ்ஞானிகள் சேர்மானத்தைப் பிரித்துப்போட்டு மாற்றி எழுதினார்கள். ஆண்டுக்கணக்கில் செய்ய வேண்டிய வேலையை வாரக்கணக்கில் செய்தார்கள்.

2007 ஜூன் 18-ல் ஆப்பிள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஐபோனின் முகப்பு பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணாடிக்கு மாறிவிட்டதாம். பதினோரு நாள் கழித்து, ஜூன் 29-ல் போன் கடைக்கு வந்தது. 36 ஆண்டுகள் அலமாரியில் உறங்கிய சூத்திரத்தின் வாரிசு அதன் முகத்தில் இருந்தது. அதன் பெயர் கொரில்லா கிளாஸ்.

ஜாப்ஸின் பிடிவாதம் பெரிது, மறுக்கவில்லை. ஆனால் கைதட்டலில் பெரும்பங்கு கார்னிங் ஆய்வுக்கூடத்துக்குத்தான் சேர வேண்டும் என்பது என் கட்சி. போன் வாங்கும்போது கேமராவில் எத்தனை மெகாபிக்சல், சிப் எந்தத் தலைமுறை என்று மணிக்கணக்கில் வாதாடுகிறோம். நாள் முழுவதும் விரல் தொடுவதோ இந்தக் கண்ணாடியை மட்டும்தான்.

ஸ்டூக்கி 2014-ல், 99-வது வயதில் மறைந்தார். 2020-ல் ஐபோன் 12 வந்தபோது அதன் முகப்பு 'செராமிக் ஷீல்டு' ஆயிற்று. கார்னிங்கோடு சேர்ந்து உருவாக்கிய இதில், கண்ணாடியைச் சூடாக்கி உள்ளே நுண்படிகங்களை வளர்க்கிறார்கள். உலை பழுதானபோது தற்செயலாக நடந்ததை இப்போது திட்டமிட்டுச் செய்கிறார்கள், பால் வெள்ளை ஆகாதபடி. ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறிய படிகங்கள் என்றால் ஒளி தடையில்லாமல் கடந்துவிடும். 2024 ஜனவரியில் இந்தக் கதை தமிழ்நாட்டையும் தொட்டது. காஞ்சிபுரம் மாவட்டம் பிள்ளைப்பாக்கத்தில் 1,003 கோடி ரூபாயில் செல்பேசி முகப்புக் கண்ணாடி ஆலை அமைக்க, ஆப்டிமஸ் நிறுவனத்தோடு கார்னிங் சேர்ந்த கூட்டு நிறுவனம் அரசோடு ஒப்பந்தம் செய்தது.

எவ்வளவு உறுதியான கண்ணாடியாக இருந்தாலும் சென்னை ரிச்சி தெருவில் போன் வாங்கியவர் அடுத்து நிற்பது ஸ்கிரீன் கார்டு கடையில்தான். கடைக்காரர் ஈரத்தாளால் ஒரு துடைப்பு, உலர்தாளால் ஒரு துடைப்பு, மிச்சத் தூசுக்கு ஸ்டிக்கரால் ஓர் ஒற்றல் கொடுத்துவிட்டு, டெம்பர்ட் கிளாஸை வைத்து நடுவில் விரலால் அழுத்துவார். பசை தானாக ஓரங்களுக்குப் பரவும். நான் அதை வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். சாவியின் உலோகம் கொரில்லா கிளாஸைக் கீறாது, கடற்கரை மணல் கீறிவிடும். மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. அந்தக் கீறலை மேலே ஒட்டிய கார்டு வாங்கிக்கொண்டால், சில ஆயிரம் ரூபாய் டிஸ்பிளே தப்பிக்கும். அந்தக் கார்டின் தடிமன் பெரும்பாலும் 0.3 மில்லிமீட்டர்தான். சூடாக்கிக் குளிர்காற்றை ஊதிக் கடினமாக்கும் வழக்கமான முறை அவ்வளவு மெல்லிய கண்ணாடியிடம் செல்லாது. நூறு ரூபாய்க் கார்டுக்கும் இருக்கிற வழி ஒன்றுதான், உருகிய வெடியுப்புத் தொட்டி.