சரக்கும் சாதியும்

எங்கள் காவேரிப்பாக்கத்திற்கு ஏரி உண்டு; இருப்புப்பாதை இல்லை. புகைவண்டியைக் காணவேண்டுமெனில் வடக்கே பாணாவரம் செல்லவேண்டும். அங்குள்ள நிலையத்திற்குப் பெயர் சோளிங்கர்! ஊர் ஓரிடம், பெயர் வேறிடம். வரலாறு பயிலும் மாணவர் சிலருடன் அண்மையில் ஒரு ஞாயிறன்று அங்குச் சென்று, வருவன போவனவற்றை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பல்லவர் காலத்து ஏரியையும், 1752இல் கிளைவின் படைக்கும் சந்தா சாகிபு மகனின் படைக்கும் இங்கு நடந்த போரையும் மாணவர் அறிவர். அப்போருக்கு 104 ஆண்டுகள் கழித்து, ஊருக்குச் சற்று வடக்கே நிகழ்ந்ததை அறியார். 1856 சூலை முதல் நாள், தென்னாட்டின் முதல் பயணிகள் வண்டி இராயபுரத்தில் புறப்பட்டு, இந்தப் பாதையில்தான் ஓடி, இன்று வாலாஜா ரோடு என வழங்கும் நிலையத்தை அடைந்தது. 1853இல் பம்பாய்–தாணே, 1854இல் ஹவுரா–ஹூக்ளி, அடுத்தது நமது தொண்டைநாடு!

நம்மீது கொண்ட பரிவாலா பாதை அமைத்தார்கள்? அன்று! படை நகரவேண்டும், பருத்தி துறைமுகம் சேரவேண்டும், சீமைத்துணி உள்நாடு புகவேண்டும். முதலிட்டோருக்கு வட்டி குறையுமாயின் ஈடுசெய்ய அரசு உறுதி தந்தது. அந்தப் பணம் உழவன் தந்த வரிப்பணம். 1864இல் இத்தடம் சோலையார்ப்பேட்டை வழியே பெங்களூர்ப் பாளையத்தைத் தொட்டது. 1876–78 பெரும்பஞ்சத்தில் சென்னைத் துறைமுகத்தில் குவிந்த தானியம் இப்பாதையில் வந்தது உண்மை. வாங்கக் கையில் காசின்றி, தானிய வண்டி போவதைப் பார்த்தபடியே மக்கள் மடிந்ததும் உண்மை.

ஆனால் கம்பெனியார் கணக்கு ஒன்று பிழைத்தது. சரக்கே பொருள் தரும், ஏழை இந்தியன் வண்டி ஏறமாட்டான் என்று எண்ணினர். ஏறினான்! கூட்டங்கூட்டமாக ஏறினான்! பயணிகளில் மிகப் பெரும்பாலோர் மூன்றாம் வகுப்பினரே.

இங்கே ஒன்றை எண்ணிப் பாருங்கள். இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி… இவ்வூர்களில் ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறிப் பதமான தோல், இப்பாதை வழியே சென்னை சென்று கப்பலேறியது. முதல் உலகப்போரில் வெள்ளைச் சிப்பாயின் காலணிக்கு அத்தோல் தேவைப்பட்டது. செத்த மாட்டை உரித்தவன், சுண்ணாம்புத் தொட்டியில் கைகள் வெந்தவன், ஊருக்கு வெளியே நிற்கவேண்டியவன்! அவன் கைபட்ட தோலுக்கோ, கையொப்பமிட்ட சீட்டும், பூட்டிய பெட்டியும், காவலும்!

அந்தத் தொழிலாளி காசு கொடுத்துச் சீட்டு வாங்கியபோது, புகைவண்டி அவன் குலத்தைக் கேட்கவில்லை. அக்கிரகாரத்தாருக்கு அருகில் அவன் அமர்ந்தான். இதை வெள்ளையனின் பெருந்தன்மை என்று நான் சொல்லமாட்டேன். சாதிக்கொரு பெட்டி கோத்தால் செலவு மிகும், அவ்வளவே. ஐரோப்பியருக்குத் தனிப்பெட்டி ஒதுக்கத் தயங்காத நிருவாகமல்லவா அது!

பெட்டியில் தோற்ற சாதி, நிலையத்தில் இறங்கி இலை போட்டு அமர்ந்தது. உணவுச்சாலையில் பார்ப்பனருக்கு ஓரிடம், மற்றவருக்கு வேறிடம். ஒரே வண்டியில் தோளோடு தோள் உரசி வந்தவர்கள், சோற்றுக்கு மட்டும் பிரிந்து போயினர். பெரியாரும் இயக்கத் தோழர்களும் கண்டித்துக் கிளர்ந்தபின், 1941இல்தான் அந்தப் பிரிவினை ஒழிந்தது. முதல் வண்டி ஓடி 85 ஆண்டுகள்! இரும்புத் தடம் போட்ட வேகம் எங்கே, பந்தித் தடையை எடுத்த வேகம் எங்கே! மூன்றாம் வகுப்பு என்ற பெயரே 1974இல்தான் மறைந்தது.

நாங்கள் பார்த்த அன்று, எண்ணெய்க் கலன்கள் கோத்த நீண்ட சரக்கு வண்டியொன்று பக்கத் தடத்தில் ஒதுங்கி நின்றது. விரைவு வண்டி அதைக் கடந்து பறந்தது. பின்னர் வந்த சாதாரண வண்டியில் சோற்றுத் தூக்குகளுடன் பெண்கள் இறங்கினர். தோல் மூட்டை ஒன்றும் கண்ணில் படவில்லை. "தோல் எங்கே, ஐயா?" என்றனர் மாணவர்.

ஊர் திரும்பியபோது விடை கிடைத்தது. பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடக்க வெகுநேரம் நின்றோம். துறைமுகம் நோக்கிப் பெட்டக லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் போயின. தமக்கையைக் காலணித் தொழிற்சாலைக்கு அனுப்பும் மாணவன் ஒருவன் லாரியைச் சுட்டி, "அதில் எங்கள் அக்காள் தைத்தது இருக்குமா, ஐயா?" என்றான்.

இருக்கலாம் என்றேன்.