ஆயுதத் தேய்மானம், விளையாட்டுகளில்

ஆடுபவர் கையிலுள்ள கருவி, ஆட்டத்தின் போக்கிலேயே தேய்ந்து மழுங்கி, கடைசியில் உடைந்து போகும்படி அமைந்த விதி. இன்று வீடியோ கேம் ஆடுபவர்களிடையே ஓயாத சண்டைக்குக் காரணமான இந்த விதி, வடசென்னையின் இராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்த் தெருக்களில் பம்பரமாகவும் காத்தாடியாகவும் திரைக்கு வெளியே வாழ்ந்தது.

வீடியோ கேம்களில் இதன் தடம் 1980 வாக்கில் வந்த ‘ரோக்’ வரை போகிறது. அதில் ஒரு பிராணி தாக்கினால் கவசம் துருப்பிடிக்கும். 1990-இல் வந்த நின்டெண்டோவின் ‘ஃபயர் எம்பிளம்’ ஒவ்வொரு வாளுக்கும் இத்தனை வீச்சு என்று கணக்கு வைத்தது. ‘டயாப்லோ’வில் தேய்ந்த ஆயுதத்தைக் கொல்லனிடம் கொடுத்துக் காசு கட்ட வேண்டும். ‘மைன்கிராஃப்ட்’டில் மரப் பிக்காசு 59 முறை தாங்கும், இரும்பு 250, வைரம் 1,561. 2017-இல் வெளியான செல்டா வரிசையின் ‘பிரெத் ஆஃப் த வைல்ட்’டில் நல்ல வாள்கூட சில சண்டைகளில் நொறுங்கியது, அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. எதிரி உடைக்கவில்லை, கணக்குத் தீர்ந்ததால் உடைந்தது என்பதே ஆடுபவரின் மனக்குறை. நம் பையன்களின் செல்போனில் இருக்கும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டான பிஜிஎம்ஐ-யில் நிலைமை வேறு. துப்பாக்கி தேயாது, எதிராளியின் குண்டு பட்டு வெஸ்ட்டும் ஹெல்மெட்டும்தான் தேயும். தேய்ப்பது எதிராளியே என்ற தெரு விளையாட்டின் நியாயத்துக்கு நெருங்கி வருவது இதுதான்.

பம்பரத்தில் அந்த நியாயம் ஒளிவுமறைவில்லாதது. தரையில் வட்டம் போட்டு, எல்லோரும் ஒரே நேரத்தில் சாட்டையைச் சுற்றிப் பம்பரத்தை விட்டு, சாட்டையாலேயே அதைத் தூக்கிக் கையில் பிடிக்க வேண்டும். இதுதான் அபீட். பிந்தியவன் தன் பம்பரத்தை வட்டத்துக்குள் வைக்க, மற்றவர்கள் தங்கள் பம்பரத்தின் ஆணி அதன்மேல் இறங்கும்படி குத்துவார்கள். விழும் பள்ளத்துக்குப் பெயர் ஆக்கர். நாலைந்து ஆக்கர் வாங்கிய கட்டை ஒருபக்கம் கனம் குறைந்து ஆடிக்கொண்டே சுற்றும். வசமான குத்து விழுந்தால் இரண்டாகப் பிளக்கும். கொல்லனிடம் கொடுத்துச் சரிசெய்யும் பேச்செல்லாம் கிடையாது, புதுசு வாங்க வேண்டியதுதான்.

காத்தாடியில் ஆயுதம் நூல். கோடைப் பிற்பகலில் கடற்காற்று எழுந்து மேற்கே வீசத் தொடங்கியதும் மொட்டை மாடிகள் நிறையும். பாணா காத்தாடிக்குச் சூத்திரம் போட்டு, நூல் சுற்றிய லொட்டாயை ஒருவன் பிடித்துக்கொள்ள மற்றவன் ஏற்றுவான். (2010-இல் அதர்வா அறிமுகமான படத்தின் பெயரே ‘பாணா காத்தாடி’.) டீல் விட்டால் இரண்டு நூல்கள் வானத்தில் பின்னி உரசும், ஒன்று அறும். அறுந்த காத்தாடி காற்றோடு தண்டவாளம், மின்கம்பி, மாடி எல்லாம் தாண்டிப் போக, அண்ணாந்து பார்த்தபடி பின்னால் ஒரு கூட்டம் ஓடும். எடுத்தவனுக்கே அது சொந்தம்.

நூலுக்கு மாஞ்சா போடுவது ஒரு கைத்தொழில். ஃபியூஸ் போன டியூப்லைட்டை இடித்து மெல்லிய துணியில் சலித்து, வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சிக் கண்ணாடித் தூளும் கலர்ப் பொடியும் சேர்ப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கிடையே கட்டிய பருத்தி நூலில் அந்தக் கலவையைத் துணிப்பொட்டலத்தால் இழுத்துத் தடவிக் காயவிடுவார்கள். அதன் ஆயுள் அற்பம். ஒவ்வொரு டீலிலும் கண்ணாடித் தூள் உதிரும், எதிராளியை அறுத்த இடமே மழுங்கும், நனைந்தால் பசை விட்டுப்போகும். ஜெயித்தவனும் அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது நூல் முடிய வேண்டும். ஆகவே தொடர்ந்து ஜெயிப்பவனின் ஆயுதம்தான் முதலில் தேயும். எந்த கேம் வடிவமைப்பாளரும் பொறாமைப்படக்கூடிய சமநிலை இது.

அந்தச் சமநிலையைக் கெடுத்தது நைலான். ‘சைனா மாஞ்சா’ என்று பெயரானாலும் பெரும்பாலும் இந்தியாவிலேயே தயாராகும் இந்தச் செயற்கை இழை லேசில் அறாது, நனைந்தாலும் வலு அதிகம் குறையாது, மக்காது. உடையாத வாள் வேண்டும் என்று வீடியோ கேம்களில் கேட்கிறார்களே, அது தெருவுக்கு வந்தபோது இப்படித்தான் வந்தது. அறுந்து விழுந்த பின்னும் மரத்திலும் மேம்பாலத்திலும் மாதக்கணக்கில் தொங்கிப் பறவைகளின் சிறகை அறுக்கிறது. அதற்காகப் பருத்தி மாஞ்சாவைப் புனிதமாக்க வேண்டியதில்லை. கண்ணாடி பூசிய எந்த நூலும் வேகமாக வரும் பைக்கின் குறுக்கே விழுந்தால் கழுத்தை அறுக்கும். பைக்கில் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார வைக்கப்படும் குழந்தையின் கழுத்து எல்லோருக்கும் முன்னால் இருக்கிறது. 2015-இல் பெரம்பூரில் ஐந்து வயதுச் சிறுவனும், 2019 நவம்பரில் கொருக்குப்பேட்டையில் மூன்று வயதுக் குழந்தையும் பெற்றோருடன் பைக்கில் போகும்போது மாஞ்சாவால் கழுத்தறுந்து இறந்தனர். அந்த ஆட்டத்தில் அவர்கள் யாருடைய எதிராளியும் இல்லை.

தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017 ஜூலையில் நைலான் உள்ளிட்ட செயற்கை மாஞ்சாவை நாடு முழுவதும் தடை செய்தது. சென்னையில் மாநகரக் காவல் ஆணையர் மாஞ்சா தயாரிக்கவும் விற்கவும் வைத்திருக்கவும் பயன்படுத்தவும் தடை விதித்து, கெடு முடிய முடிய நீட்டிப்பது வழக்கம். கோடை விடுமுறை வந்தால் வடசென்னையில் லொட்டாயோடு பறிமுதல் நடப்பதும் வாடிக்கைச் செய்தி. உத்தரவுகள் மாஞ்சாவைக் குறிப்பவை. எதுவும் பூசாத பருத்தி நூலில் காத்தாடி விடத் தடையில்லை.