வாலை (வடிகலன்)

இக்கட்டுரை வடித்தலுக்குப் பயன்படும் கருவியைப் பற்றியது. சித்தர் பாடல்களில் இடம்பெறும் பெண் தெய்வம் பற்றி அறிய, வாலை (தெய்வம்) கட்டுரையைப் பார்க்க.

வாலை என்பது ஒரு நீர்மத்தைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிர்வித்து, மீண்டும் நீர்மமாகச் சேகரிக்க உதவும் கருவி ஆகும். இது வடிகலன், வாலை இயந்திரம் ஆகிய பெயர்களாலும் அழைக்கப்படுகிறது. சித்த மருத்துவத்தில் தீநீர், திராவகம் ஆகியவற்றை இறக்குவதற்கும், மூலிகைகளிலிருந்து வாசனை எண்ணெய் எடுப்பதற்கும், காய்ச்சி வடித்த நீரைப் பெறுவதற்கும், சாராயம் வடிப்பதற்கும் அடிப்படையில் இதே கருவியே பயன்படுகிறது. தமிழ்நாட்டில் வீட்டில் சாராயம் வடிப்பது, அளவு எவ்வளவு சிறியதாயினும், தண்டனைக்குரிய குற்றமாகும். நீரும் மூலிகைத் தீநீரும் வடிப்பதற்குச் சிறு வாலைகளைப் பயன்படுத்தலாம். இக்கட்டுரை வீட்டளவிலான வாலையின் அமைப்பு, தெரிவு, மேம்பாடு, ஆபத்துகள் ஆகியவற்றை விளக்குகிறது.

சொல்லும் வரலாறும்

"வாலையில் இறக்குதல்" என்னும் தொடர் காய்ச்சி வடித்தலைக் குறிக்கும். இலங்கைத் தமிழில் சாராய ஆலை வடிசாலை எனப்படுகிறது; அங்கு சட்டவிரோதமாக வடிக்கப்படும் சாராயத்திற்குக் கசிப்பு என்று பெயர்.

இன்றைய பாக்கித்தானில் உள்ள தக்சசீலத்தில் சான் மார்சல் நடத்திய அகழாய்வில் சுடுமண்ணால் ஆன வடிகலப் பகுதிகள் கிடைத்தன. இவற்றையும் சார்சத்தா அருகே கிடைத்த கலங்களையும் கொண்டு, வடித்தல் கலையின் தொன்மையான இடங்களுள் இந்தியத் துணைக்கண்டமும் ஒன்றாக இருக்கலாம் எனத் தொல்லியலாளர் ரேமண்ட் ஆல்சின் 1979 இல் எழுதினார். அரபு வேதியியலாளர் பயன்படுத்திய வாலை அல்-அன்பிக் எனப்பட்டது. ஐரோப்பிய மொழிகளில் வாலைக்கு வழங்கும் பழைய பெயர் இதிலிருந்து வந்ததாகும். அயர்லாந்தில் கலால் அதிகாரியாகப் பணியாற்றிய ஏனியாசு காஃபி 1830 இல் தொடர்ந்து இயங்கும் தூண் வாலைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய எரிசாராய ஆலைகளின் தூண் வாலைகள் இதன் வழிவந்தவை.

அமைப்பு

எளிய வாலையில் பின்வரும் ஐந்து பகுதிகள் உள்ளன.

1. கொதிகலம்: நீர்மம் கொதிக்கும் பாத்திரம்.
2. தலை: ஆவி சேரும் மூடி.
3. ஆவிக்குழாய்: ஆவியை வெளியே கொண்டுசெல்வது.
4. குளிர்விப்பான்: ஆவியை நீர்மமாக்குவது.
5. ஏற்கும் கலம்: வடிநீர் சேரும் பாத்திரம்.

தமிழகக் கிராமங்களில் அறியப்பட்ட பானை வாலையில் இப்பகுதிகள் அனைத்தும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைகின்றன. அடுப்பின் மீது ஊறல் அல்லது மூலிகைநீர் கொண்ட பானையும், அதன்மேல் துளையிட்ட பானையும், உச்சியில் குளிர்ந்த நீர் நிரப்பிய பாத்திரமும் வைக்கப்படும். குளிர்ந்த அடிப்பகுதியில் ஆவி பட்டு, துளிகளாக நடுவிலுள்ள கலயத்தில் விழும். அல்லது ஒரு மூங்கில் குழாய் வழியே வெளியே வடியும். பானைகளின் இணைப்புகள் துணியும் மண்ணும் கொண்டு பூசி அடைக்கப்படும். சித்த மருத்துவத்தில் இது சீலைமண் செய்தல் எனப்படும்.

கலத்தின் பொருளைத் தெரிவு செய்தல்

வாலையில் சூடான ஆவியும் வடிநீரும் தொடும் ஒவ்வொரு பகுதியும் உணவுக்கு ஏற்ற பொருளால் ஆனதாக இருத்தல் வேண்டும். வடிநீர், குறிப்பாக அமிலத்தன்மை உள்ளது, உலோகங்களைக் கரைத்துத் தன்னோடு கொண்டுவரும்.

* மண்: மலிவானது. நுண்துளைகள் வழியே ஆவி கசியும். முந்தைய பொருளின் வாசனையையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.
* செம்பு: வெப்பத்தை நன்கு கடத்தும். நொதித்த நீர்மங்களிலுள்ள கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக்கொள்வதால் வடிநீரின் துர்நாற்றம் குறையும். ஆனால் களிம்பு ஏறும். ஒவ்வொரு முறையும் புளியிட்டு விளக்கிக் கழுவுதல் வேண்டும்.
* துருப்பிடிக்காத எஃகு: கழுவ எளிது, நெடுநாள் உழைக்கும். கந்தகத்தை நீக்காது. எஃகுக் கலத்துடன் செப்புக் குழாயை இணைப்பது பரவலாக உள்ள வழக்கமாகும்.
* போரோசிலிக்கேட்டுக் கண்ணாடி: உள்ளே நடப்பதைக் காணலாம், எதனோடும் வினைபுரியாது. திடீர் வெப்ப மாற்றத்தில் உடையக்கூடும் என்பதால் நேரடித் தீயில் வைப்பதில்லை.
* அலுமினியம்: அமில நீர்மங்களால் அரிக்கப்படும். ஏற்றதன்று.
* துத்தநாகம் பூசிய இரும்பு: துத்தநாகம் கரைந்து வடிநீரில் சேரும். ஏற்றதன்று.
* நெகிழி, சாதாரண இரப்பர்: சூடான எத்தனால் ஆவி இவற்றிலுள்ள வேதிப்பொருள்களைக் கரைக்கும்.

பழைய வாகன ரேடியேட்டரைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளின் கள்ளச்சாராய வடிப்பில் பதிவாகியுள்ளது. அதன் பற்றவைப்பில் உள்ள ஈயமும், எஞ்சியிருக்கும் குளிரூட்டி நீர்மமும் வடிநீரில் கலக்கின்றன. ஈயம் உடலில் படிப்படியாகச் சேர்ந்து நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும் நஞ்சாகும். எனவே புதிய வாலையிலும் ஈயம் கலவாத பற்றவைப்பே பயன்படுத்தப்படுதல் வேண்டும்.

வெப்பக் கணக்கும் நீர்க் கணக்கும்

வாலையின் அளவைத் தீர்மானிப்பதற்கு அடுப்பின் திறனையும் குளிர்நீரின் அளவையும் முதலில் கணக்கிடுதல் வேண்டும். கொதிநிலையில் உள்ள 1 கிலோகிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,257 கிலோசூல் வெப்பம் தேவை. 1 கிலோவாட்டு மின்சூடாக்கி, வெப்ப இழப்பே இல்லையெனினும், 1 லிட்டர் நீரை வடிப்பதற்குச் சுமார் 38 நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். கொதிநிலையை எட்டுவதற்கான நேரம் இதில் சேராது.

இதே அளவு வெப்பத்தைக் குளிர்விப்பான் வெளியேற்றுதல் வேண்டும். குளிர்நீர் 20 பாகை செல்சியசு சூடேறி வெளியேறுவதாகக் கொண்டால், 1 லிட்டர் வடிநீருக்கு ஏறத்தாழ 27 லிட்டர் குளிர்நீர் தேவைப்படும். பானை வாலையின் உச்சிப் பாத்திரத்திலுள்ள நீரை அடிக்கடி மாற்றுவதன் காரணம் இதுவே. மாற்றத் தவறினால் ஆவி குளிராமல் இணைப்புகள் வழியே தப்பிவிடும். கோடையில் மேல்நிலைத் தொட்டி நீர் சூடாக இருக்கும் மதுரைச் சமவெளி போன்ற இடங்களில் இத்தேவை மேலும் கூடும்.

மேம்படுத்தும் முறைகள்

சிறு வாலையை மேம்படுத்தும்போது பெரிய கலம் வாங்குவதைவிடக் கீழ்க்காண்பவை கூடுதல் பயன் தருகின்றன.

* இணைப்புகள்: கசிவற்ற இணைப்பே முதல் தேவை. ஆயினும் வாலையின் மறுமுனை எப்போதும் திறந்தே இருத்தல் வேண்டும். முழுவதும் மூடிய கலத்தில் அழுத்தம் கூடி வெடிக்கும்.
* குளிர்விப்பான்: சுருள் குழாய் அல்லது இரட்டைக் குழாய் வகை ஏற்றது. குளிர்நீர் கீழிருந்து நுழைந்து மேலே வெளியேற வேண்டும். பெரிய தொட்டியும் சிறு நீரேற்றியும் கொண்டு அதே நீரை மீண்டும் சுழற்றலாம்.
* வெப்பமானி: இதன் முனை நீர்மத்தினுள் அன்றி, ஆவி வெளியேறும் இடத்தில் இருத்தல் வேண்டும்.
* மூலிகைத் தட்டு: மூலிகையை நீரில் அமிழ்த்தாமல் துளைத்தட்டின் மீது வைத்து நீராவியைச் செலுத்தினால் அடிப்பிடிக்காது; இலைகள் ஆவிக்குழாயை அடைக்கும் வாய்ப்பும் குறையும்.
* கொள்ளளவு: கலத்தை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்புவதில்லை. நுரை பொங்கிக் குழாயில் ஏறுவதை இது தடுக்கும்.
* தூண்: ஆவி பலமுறை குளிர்ந்து மீண்டும் ஆவியாக இடமளிக்கும் நிரப்பு கொண்ட குழாய். இது பின்னக் காய்ச்சி வடித்தலுக்கு உரியது. ஆய்வகங்களிலும் ஆலைகளிலும் கலவைகளைப் பிரிக்கப் பயன்படுகிறது. தீநீருக்கு இது தேவையில்லை. வாசனைப் பொருள்கள் குறையவும் கூடும்.

எத்தனாலும் மெத்தனாலும்

எத்தனால் 78.4 பாகை செல்சியசிலும், மெத்தனால் 64.7 பாகையிலும், நீர் 100 பாகையிலும் கொதிக்கும். இவ்வெண்களைக் கொண்டு, வெப்பநிலையைக் கவனித்தால் மெத்தனாலை முதலிலேயே தனியே நீக்கிவிடலாம் என்று பலரும் கருதுகின்றனர். இது சரியன்று. கலவையிலுள்ள பொருள்கள் தத்தம் கொதிநிலையில் ஒன்றன்பின் ஒன்றாக வெளியேறுவதில்லை. எல்லாப் பொருள்களும் வெவ்வேறு விகிதங்களில் சேர்ந்தே ஆவியாகின்றன. 10 விழுக்காடு எத்தனால் உள்ள நீர்மத்தின் முதல் ஆவியில் ஏறத்தாழப் பாதி எத்தனாலும் மீதி நீரும் இருக்கும். அதுபோல மெத்தனாலும் வடிநீர் முழுவதிலும் பரவி வரும். மேம்பட்ட தூண் வாலையும் எத்தனாலை எடையில் 95.6 விழுக்காட்டுக்கு மேல் நீரிலிருந்து பிரிக்க இயலாது. அந்த அளவில் இரண்டும் மாறா விகிதத்தில் ஒன்றாகக் கொதிக்கின்றன.

வெல்லம் அல்லது சர்க்கரை நொதிக்கும்போது மெத்தனால் மிகச் சிறிதளவே உண்டாகிறது. பழங்களிலுள்ள பெக்டின் இதைச் சற்றே கூட்டும். தமிழ்நாட்டில் நிகழ்ந்த பெரும் சாவுகளுக்கு வாலையில் உண்டான மெத்தனால் காரணமன்று. தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலைச் சாராயமாக விற்றதே காரணம். 2023 மே மாதத்தில் மரக்காணம், செங்கல்பட்டுப் பகுதிகளில் 20க்கும் மேற்பட்டோரும், 2024 சூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 65க்கும் மேற்பட்டோரும் இவ்வாறு உயிரிழந்தனர்.

மெத்தனாலும் எத்தனாலும் நிறமற்றவை. குடிப்பவரால் மணத்தைக் கொண்டு வேறுபடுத்த இயலாது. தீயிட்டு நிறம் பார்க்கும் நாட்டுச் சோதனையும் நம்பத்தக்கதன்று. உடலினுள் மெத்தனால் முதலில் ஃபார்மால்டிகைடாகவும் பின்னர் ஃபார்மிக் அமிலமாகவும் மாறுகிறது. இவ்வமிலம் பார்வை நரம்பைத் தாக்கும். அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தோன்றும். வயிற்றுவலி, வாந்தி, மூச்சுத்திணறல், பார்வை மங்குதல் ஆகியன முக்கிய அறிகுறிகள். போதை தெளிந்துவிட்டது என எண்ணிக் காத்திருக்கும் இடைவேளையிலேயே நஞ்சு உருவாகிறது. எனவே ஒருவருக்கு அறிகுறி தோன்றினாலும், அவருடன் குடித்த அனைவரையும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் வேண்டும். ஃபோமெபிசோல் மருந்தோ மருத்துவர் கண்காணிப்பில் எத்தனாலோ தரப்படுகிறது. குருதிச் சுத்திகரிப்பும் செய்யப்படுகிறது.

தீ ஆபத்து

எத்தனால் ஆவி காற்றைவிடக் கனமானது. கசியும் ஆவி தரையோடு பரவி அடுப்பை அடையும். காற்றில் சுமார் 3.3 முதல் 19 விழுக்காடு வரை கலந்த எத்தனால் ஆவி பொறிபட்டால் வெடிக்கும். மூடிய சமையலறையில் விறகடுப்பு அல்லது எரிவாயு அடுப்பின் மீது எத்தனால் வடிக்கப்படும்போது தீப்பற்றும் விபத்துகள் ஏற்படுவதற்கு இதுவே காரணம். நீர் அல்லது தீநீர் வடிக்கும்போது இவ்வாபத்து இல்லை. ஆனால் கலம் வற்றிக் கருகுதல், நீராவிக் காயம் ஆகியன நேரலாம்.

அழகர்கோவில் வட்டாரத்தில்

அழகர்கோவில், மதுரையிலிருந்து வடகிழக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவில் அழகர்மலையின் அடிவாரத்தில் உள்ளது. மலையில் நூபுர கங்கை என்னும் சுனையும் மூலிகைகள் செறிந்த காடும் உள்ளன. மலைக்காடு காப்புக்காடாகும், அனுமதியின்றி அங்கு மூலிகை சேகரிக்கக் கூடாது. எனவே இவ்வட்டாரத்தில் தீநீர் இறக்க விரும்புவோர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் ஓமம், வெட்டிவேர் போன்றவற்றையோ தோட்டத்தில் வளர்த்த செடிகளையோ பயன்படுத்தலாம். வீடுகளில் நன்கறியப்பட்ட ஓமத்தீநீர், ஓமத்தை நீருடன் வாலையிலிட்டு வடிப்பதாகும். இதன் மணத்திற்குத் தைமால் என்னும் பொருள் முக்கிய காரணம்.

எல்லா மணப்பொருளும் வாலைக்கு ஏற்றதல்ல. இச்சமவெளியில் விளைவதும் 2013 இல் புவிசார் குறியீடு பெற்றதுமான மதுரை மல்லியின் நறுமணம் கொதிநீரின் வெப்பத்தில் சிதைந்துவிடும். ஆகவே மல்லிகை நறுமணம் வணிக அளவில் கரைப்பான்களைக் கொண்டு பிரித்தெடுக்கப்படுகிறது. இதற்கு மாறாக, நீலகிரியில் தைல இலைகளிலிருந்து சிறு வாலைகளில் எண்ணெய் வடிப்பது ஒரு குடிசைத் தொழிலாக விளங்குகிறது.

சட்ட நிலை

இந்திய அரசியலமைப்பின்படி போதை தரும் மதுவகைகள் மாநிலங்களின் அதிகாரத்திற்குட்பட்டவை. இராசகோபாலாச்சாரி முதல்வராக இருந்தபோது இயற்றப்பட்ட 1937 ஆம் ஆண்டு மதராசு மதுவிலக்குச் சட்டம், அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் முதலில் நடைமுறைக்கு வந்தது. 1948 இல் மதராசு மாகாணம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1971 இல் மதுவிலக்கு தளர்த்தப்பட்டது. 1974 இல் மீண்டும் வந்தது. 1981 இல் மறுபடியும் தளர்த்தப்பட்டது. 1987 தொடக்கத்திலிருந்து கள், சாராயக் கடைகள் மூடப்பட்டன. 1990 இல் அரசு அறிமுகப்படுத்திய மலிவு விலை மதுவும் 1991 இல் நிறுத்தப்பட்டது.

தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு மது உற்பத்தியை மட்டுமின்றி, அந்நோக்கத்திற்காக வாலை, கருவிகள், மூலப்பொருள்கள் ஆகியவற்றை வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. கள்ளக்குறிச்சி நிகழ்வுக்குப் பின் 2024 இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டவிரோத மதுவை அருந்தி எவரேனும் இறந்தால், அதற்குக் காரணமானவருக்கு ஆயுள் சிறையும் 10 லட்சம் உரூபாவுக்குக் குறையாத தண்டமும் விதிக்கலாம். தீநீரை மருந்தாக விற்பனைக்குத் தயாரிப்பதற்கு 1940 ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப்பொருள்கள் சட்டத்தின் கீழ் உரிமம் தேவை.

நியூசிலாந்தில் 1996 முதல் சொந்தப் பயன்பாட்டிற்காகச் சாராயம் வடிப்பது அனுமதிக்கப்பட்டுள்ளது. மத்தியப் பிரதேசம், சத்தீசுகர் ஆகிய மாநிலங்களில் பழங்குடியினர் தம் தேவைக்கு வரையறுத்த அளவு இலுப்பைப்பூச் சாராயம் வடிக்க விலக்கு உண்டு. கோவாவில் உரிமம் பெற்றோர் முந்திரிப்பழத்திலிருந்து வடிக்கும் பெனி 2009 இல் புவிசார் குறியீடு பெற்றது.

இவற்றையும் பார்க்க

* காய்ச்சி வடித்தல்
* தீநீர்
* மெத்தனால்
* கள்ளச்சாராயம்
* தமிழ்நாட்டில் மதுவிலக்கு
* அழகர்கோவில்