பாடுவோர்க்கு ஓர் ஏடு

பேராக் மாநிலத்தின் மேற்குக் கரையை ஒட்டி, லுமுட் துறைமுகத்திற்கு அண்மையில் அமைந்துள்ளது சித்தியவான். 1903-ஆம் ஆண்டில் சீன நாட்டின் பூச்சௌ வட்டாரத்திலிருந்து வந்த மெதடிஸ்டு கிறித்தவர்கள் இங்குக் குடியேறிக் காடு திருத்தினர். பின்னர் ரப்பர் விளைச்சல் ஓங்கிற்று. சுற்றுப்புறத் தோட்டங்களில் பால்மரம் சீவத் தமிழ் மக்கள் வந்து சேர்ந்தனர். லயங்கள் எழுந்தன; கோயில்கள் எழுந்தன; தமிழ்ப் பள்ளிகளும் எழுந்தன.

அத்தோட்டங்களில் வாழ்ந்த இளைஞர் கையில் தவழ்ந்த அச்சு ஏடுகளுள் ஒன்று, வரலாறு எழுதுவோர் கண்ணில் பெரும்பாலும் படுவதில்லை. அஃது இலக்கிய நூலன்று, செய்தித்தாளுமன்று. படக்கொட்டகை வாயிலிலும் கடைகளிலும் சில காசுகளுக்குக் கிடைத்த பாட்டுப் புத்தகமே அது. இளையோர்க்கென ஓர் இசை இதழை எவ்வாறு அமைப்பது என்னும் வினா இன்று எழுமாயின், விடை தேடத் தொடங்க வேண்டிய இடம் அந்த மெல்லிய புத்தகமே ஆகும்.

பாட்டுப் புத்தகத்தின் அமைப்பு

1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்தது முதலாகத் தமிழ்ப் பேசும் படம் பாட்டையே முதற்பொருளாகக் கொண்டு வளர்ந்தது. படத்தோடு பாட்டுப் புத்தகமும் பிறந்தது. அதன் அமைப்பு எளியது. முகப்பில் ஒரு படம்; உள்ளே நடிகர் பெயர்களும் கதைச் சுருக்கமும். கதை முடிவை எட்டுமுன் நின்றுவிடும். மீதியை வெள்ளித்திரையில் காண்க என்னும் குறிப்பு அங்கே நிற்கும். அதன்பின் எஞ்சிய பக்கங்கள் எல்லாம் பாட்டுகளே.

மலிவான தாள், மங்கிய அச்சு, எழுத்துப் பிழைகளுக்கோ குறைவில்லை. ஆயினும் அதில் ஓர் அருமை இருந்தது. பாட்டின் சொல் முழுவதையும் அது படிப்பவன் கையில் ஒப்படைத்தது. ஒருமுறை திரையில் கேட்ட பாட்டை, அவன் வீடு திரும்பிய பின்னும் வரி பிறழாமல் பாட முடிந்தது. சட்டைப் பையில் அடங்கும் அளவினதாகையால், அது வேலைக்காட்டிற்கும் சென்றது; பந்து திடலுக்கும் சென்றது. பள்ளியில் சில ஆண்டுகள் மட்டுமே பயின்று நின்றுவிட்டவர்க்கு, கற்ற எழுத்தை மறக்கவிடாமல் காத்த ஏடுகளுள் அதுவும் ஒன்று. பாடப் பாட ராகம் என்பது பழமொழி. பாடப் பாட எழுத்தும் கைவந்தது என்று அதனோடு சேர்த்துச் சொல்லலாம்.

புலமை நாடிய ஏடுகள்

பாட்டை அச்சிற் பதிக்கும் முயற்சி படக்கொட்டகையில் தொடங்கியதன்று. 1890-களில் சென்னையில் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் பெரியார், தென்னாட்டுக் கீர்த்தனைகளை மேலை நாட்டு இசைக்குறியில் எழுதிப் பகுதி பகுதியாக வெளியிட்டார். தம் கைப்பொருளைச் செலவிட்டார். கண்பார்வை நலிந்த நிலையிலும் உழைத்தார். அவருடைய தூண்டுதலும் துணையாக, சுப்பராம தீட்சிதர் 1904-இல் எட்டயபுரத்திலிருந்து தெலுங்கில் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’யை வெளியிட்டார். இவை இசையுலகிற்குக் கிடைத்த பெருஞ்செல்வங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும் முதலியாரின் ஏட்டைத் திறந்த தமிழ் இளைஞன், ஐந்து கோடுகளையும் அவற்றின்மேல் ஏறியும் இறங்கியும் நின்ற புள்ளிகளையும் கண்டு மலைத்திருப்பான். அறிவு நிறைந்திருந்தது; நுழைவாயில்தான் அவனுக்குத் திறக்கவில்லை.

தமிழ் எழுத்திலேயே சுரக்குறி எழுதும் முறை இத்தடையைப் பெரிதும் நீக்கிற்று. ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு எழுத்துகள். மேல் தாயிக்கு எழுத்தின்மேல் ஒரு புள்ளி, கீழ்த் தாயிக்கு எழுத்தின்கீழ் ஒரு புள்ளி. ஓர் எண்ணிக்கை நீட்டத்திற்குக் காற்புள்ளி, இரண்டிற்கு அரைப்புள்ளி. இவ்வளவே அதன் அடிப்படை. அச்சுக்கோப்பவரிடம் முன்னரே இருந்த எழுத்துகளும் குறிகளுமே பெரும்பாலும் இதற்குப் போதுமானவை. ‘சுதேசமித்திரன்’ வார இதழ் போன்றவை இம்முறையில் பாட்டுகளை வெளியிட்டன. தமிழ் படிக்கத் தெரிந்த எவரும் சிறிது முயன்றால் அப்பக்கத்தைப் பாடிப் பார்க்க முடிந்தது.

நகையும் ஓவியமும்

இசையை எல்லாரும் விரும்பிப் படிக்கும்படி எழுதிக் காட்டிய பெருமை 1930-களின் ‘ஆனந்த விகட’னைச் சாரும். அதில் ‘ஆடல் பாடல்’ என்னும் பகுதியைக் ‘கர்நாடகம்’ என்னும் புனைபெயரில் கல்கி எழுதினார். சங்கீத வித்துவானைக் கண்டு நடுங்க வேண்டியதில்லை, அவரோடு சிரித்துப் பேசலாம் என்னும் துணிவை அவ்வெழுத்து வாசகர்க்கு ஊட்டியது. அதே இதழில் மாலி, வித்துவான்களின் உருவங்களைக் கேலிச் சித்திரமாகத் தீட்டினார். பாடும்போது நெளியும் உடலும் சுழலும் கையும் சில கோடுகளில் உயிர்பெற்றன. கச்சேரிக்குச் சென்றிராதவரும் வித்துவானை அறிந்தனர். படம் என்பது பக்கத்தை நிரப்புவதற்கன்று, பாட்டை விளக்குவதற்கே என்பதை மாலியின் தூரிகை உணர்த்தியது.

தமிழ்ப் பாட்டுகளுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்னும் தமிழிசை இயக்கம் 1940-களில் எழுந்தது. ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் அதற்குப் பெருந்துணையாய் நின்றார். 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்ப் பாட்டுகளைச் சுரக்குறியுடன் நூல்களாக வெளியிட்டது. கல்கியும் இவ்வியக்கத்திற்காகப் பேனா பிடித்தார். பாடுபவர்க்கும் கேட்பவர்க்கும் சொல் விளங்க வேண்டும் என்பதே இவ்வியக்கத்தின் உயிர்க்கருத்து. எளிய பாட்டுப் புத்தகம் தன்னையறியாமலே செய்துவந்த பணியை, இவ்வியக்கம் அறிந்து செய்தது எனலாம்.

பாட்டிலிருந்து முகத்திற்கு

ஆனால் இளையோரைக் கவர்ந்த பெரும்பாலான இதழ்கள் வேறு வழியிற் சென்றன. ‘பேசும் படம்’, ‘குண்டூசி’, 1966-இல் தோன்றிய ‘பொம்மை’ முதலிய திரை இதழ்கள் கடல் கடந்து மலாயாவிற்கும் வந்தன. அச்சுக்கலை வளர வளர, முகப்பு வண்ணமயமாயிற்று. நடிகர் படங்கள் பெருகின. பாட்டோ பின்னுக்குச் சென்றது. பாட்டுப் புத்தகம் படிப்பவனைப் பாடகனாக்கிற்று. திரை இதழ் அவனைப் பார்வையாளனாக்கிற்று. அழகுணர்ச்சி தவறன்று, வண்ணமும் தவறன்று. எனினும் இதழை மூடிய பின் படிப்பவன் செய்வதற்கு ஏதேனும் எஞ்சுகிறதா என்பதே உரைகல்.

மேலை நாடுகளிலும் இவ்விரு போக்குகளும் காணப்படுகின்றன. இங்கிலாந்தில் 1952-இல் தோன்றிய ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’, அதே ஆண்டில் இசைத்தட்டு விற்பனையின் தரவரிசையை அச்சிடத் தொடங்கியது. 1967-இல் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ‘ரோலிங் ஸ்டோன்’ பிறந்தது. இளையோரின் இசையை நாட்டு நடப்போடு இணைத்து நீண்ட கட்டுரைகள் எழுதிற்று. 1978-இல் நிக் லோகன் தொடங்கிய ‘ஸ்மாஷ் ஹிட்ஸ்’ என்னும் இதழோ, புகழ்பெற்ற பாட்டுகளின் சொற்களை வண்ணப் படங்களோடு அச்சிட்டுப் பதின்பருவத்தினரைக் கவர்ந்தது. அவ்விதழ் 2006-இல் நின்றுபோயிற்று. எனினும் கடல் கடந்த நாட்டுச் சிறுவர் விரும்பி வாங்கியதும், சித்தியவான் வட்டாரத்து இளைஞர் சட்டைப் பையில் வைத்திருந்ததும் அடிப்படையில் ஒரே பொருள்தான். பாட்டின் சொல்லே அப்பொருள்.

மலாயாவின் பட்டறிவு

மலாயாத் தமிழர் வரலாறு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. 1935-இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய ‘தமிழ் முரசு’, 1950-களில் ‘மாணவர் மணிமன்றம்’ என மாணவர்க்கென்றே இடம் ஒதுக்கிற்று. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த மாணவர்கள் அதற்கு எழுதி அனுப்பினர், தம் பெயரை அச்சிற் கண்டு மகிழ்ந்தனர், மீண்டும் எழுதினர். அவர்களுட் பலர் பின்னாளில் எழுத்தாளராயினர். அத்துடன் நின்றதா? அந்தப் பகுதியிலிருந்து இளைஞர் மணிமன்றங்கள் கிளைத்து நாடெங்கும் பரவின. இளையோர்க்காக எழுதியதால் மட்டும் இது விளையவில்லை. இளையோரையே எழுத வைத்ததால் விளைந்தது.

இசைக்கும் இந்நாட்டில் ஆள் இல்லாமற் போகவில்லை. மலேசிய வானொலியில் பாடகராகவும் இசையமைப்பாளராகவும் விளங்கிய ரெ. சண்முகம் போன்றோர் இம்மண்ணிலேயே மெல்லிசையை வளர்த்தனர். முரசு நெடுமாறன் தொகுத்து 1997-இல் வெளிவந்த ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’, நூறாண்டுக் காலத்து மலேசியத் தமிழ்க் கவிதைகளை ஒருங்கே திரட்டித் தந்தது. இசையமைப்பதற்கு ஏற்ற சொல்வளம் இங்கேயே குவிந்து கிடக்கிறது.

இன்றைய நிலை

ஒலிநாடா வந்தபோது பாட்டுப் புத்தகம் மெலிந்தது; குறுந்தட்டு வந்தபோது மறைந்தது. இன்று பாட்டு கைப்பேசியில் வருகிறது. சொல்லை அறிய விரும்பும் சிறுவன் திரையைத் தடவினால் அதுவும் கிடைக்கிறது. ஆனால் பல வேளைகளில் அது உரோம எழுத்தில் கிடைக்கிறது. தமிழ்ப் பாட்டைத் தமிழில் படிக்காமலே மனப்பாடம் செய்யும் ஒரு தலைமுறை வளர்கிறது.

இஃது எளிதாகப் புறந்தள்ளத்தக்க செய்தியன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் இருந்த இடத்தைச் செம்பனை பிடித்தது, மக்கள் நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தனர். 1957-இல் 888 ஆக இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஏறத்தாழ 530 ஆகச் சுருங்கிவிட்டன. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு பயின்ற பிள்ளை இடைநிலைப் பள்ளிக்குச் சென்றபின், தமிழ் அவனுக்கு விருப்பப் பாடமாகிறது. பதின்மூன்று வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ள அக்காலத்தில்தான் தமிழ் எழுத்து அவன் கையிலிருந்து நழுவுகிறது. அவ்வயதினர் விட்டுப் பிரியாதது பாட்டு. ஆகவே நழுவும் எழுத்தைப் பற்றி நிறுத்த வல்ல கயிறும் பாட்டே.

அமைய வேண்டிய ஏடு

அத்தகைய இதழ் எவ்வாறு அமைதல் வேண்டும்? முன்னையோர் பட்டறிவே வழிகாட்டுகிறது. கையடக்கமான அளவு வேண்டும். விலை மாணவன் தன் செலவுக் காசில் வாங்கத்தக்கதாய் இருத்தல் வேண்டும். ஒரு பாட்டிற்கு எதிரெதிர் இரு பக்கங்கள் ஒதுக்கலாம். இடப்பக்கத்தில் பெரிய தமிழ் எழுத்தில் பாட்டின் சொல். வலப்பக்கத்தில் எளிய சுரக்குறியும் அருஞ்சொற் பொருளும். எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் ஆகிய மூவர் பெயரும் தவறாது இடம்பெற வேண்டும். திரைப்பாட்டை அச்சிட உரிமையாளர் இசைவு வேண்டுமாதலின், உள்ளூர்க் கவிஞரும் இசைஞரும் மனமுவந்து தரும் பாட்டுகளுக்கு முதலிடம் தருவது சிக்கனமும் ஆகும், சிறப்பும் ஆகும்.

ஓவியம் மாலி காட்டிய வழியில், தவில் கொட்டும் விரலையும் உறுமி தேய்க்கும் கோலையும் விளக்கிக் காட்டட்டும். எழுத்து கல்கி காட்டிய வழியில் நகையோடு நடக்கட்டும். கடைசிப் பக்கங்கள் வாசகர்க்கே உரியவை ஆகட்டும். பாட்டியிடம் கேட்டறிந்த தோட்டப்புறத் தாலாட்டையும், நடவுப் பாட்டையும், கோயில் திருவிழாக் கும்மியையும் மாணவர்கள் எழுதி அனுப்பட்டும். அனுப்பியவர் பெயரும் பள்ளியின் பெயரும் அச்சில் வரட்டும். அப்பாட்டுகளை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்களோடு பாட்டும் மறையுமுன் அதைப் பதிந்து வைக்கும் வேலையை ஓர் இளைஞர் இதழ் எளிதாகச் செய்யவியலும்.

இவற்றிற்குப் பெரும்பொருள் தேவையில்லை. இன்றைய கணினி, அந்நாளில் அச்சுக்கோப்பவர் பல நாள் உழைத்துச் செய்ததைச் சில மணி நேரத்தில் செய்து தருகிறது. தமிழ்ப் பள்ளி ஆசிரியர் இருவரும், இசையறிந்த ஒருவரும், ஓவியம் வரையும் மாணவன் ஒருவனும் சேர்ந்தால் சித்தியவானிலேயே ஓர் இதழைத் தொடங்கலாம். அந்நாளில் லயத்து விளக்கொளியில் ஒருவர் பாட்டுப் புத்தகத்தை விரித்துப் பிடிக்க, நால்வர் சுற்றியிருந்து பாடினர். அவர்தம் பேரப் பிள்ளைகள் கையில் மீண்டும் ஒரு தமிழ்ப் பாட்டேட்டைக் கொடுக்கும் கடமை இந்நாட்டுத் தமிழாசிரியர்க்கும் எழுத்தாளர்க்கும் உரியது.