சிறுநீர்ப்பையும் சிறுவர்களும்: ஒரு பழி நீங்கிய வரலாறு

ஆவடியிலிருந்து சென்னை சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் செல்லும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். உடன் வருபவன் எட்டு வயது மகன். வளர்ச்சியில் பின்தங்கியவன், பேச்சு இன்னும் தெளிவாக வரவில்லை. புறப்படும் முன் வீட்டிலேயே சிறுநீர் கழிக்கச் செய்துதான் அழைத்து வந்திருக்கிறாள். ரயிலிலோ கழிப்பறை இல்லை. வில்லிவாக்கம் வருவதற்குள் கால்சட்டை நனைந்துவிடுகிறது. “இவ்வளவு பெரிய பையனுக்கு இதுகூடத் தெரியாதா?” என்று யாரோ கேட்கிறார்கள். தாய் தலை குனிகிறாள். சில வேளை பையன் முதுகில் ஓர் அடியும் விழுகிறது.

“தெரியாதா?” என்னும் இக்கேள்விக்கு மனிதன் ஏறத்தாழ 3500 ஆண்டுகளாக விடை தேடி வந்திருக்கிறான். அந்த வரலாற்றைச் சற்றுப் பார்ப்போமா?

பழங்கால மருந்துகள்

கி.மு. 1550ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்திய மருத்துவச் சுவடியான ஈபர்ஸ் பாப்பிரஸில் சிறுவர்களின் சிறுநீர்ப் போக்குக்கு மருந்து கூறப்பட்டிருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த ரோமானிய அறிஞர் பிளினி, வேகவைத்த எலியை உணவில் கலந்து கொடுக்கச் சொன்னார்! 16ஆம் நூற்றாண்டின் நடுவில், ஆங்கிலத்தில் குழந்தை மருத்துவம் பற்றி முதன்முதலாக நூல் எழுதிய தாமஸ் ஃபேயர் இதற்கென ஒரு பகுதியையே ஒதுக்கினார்.

19ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு மருத்துவர் த்ரூசோ, பெல்லடோனா என்னும் செடியின் சாற்றைப் பயன்படுத்தினார். அதிலுள்ள அட்ரோபின் சிறுநீர்ப்பைத் தசையைத் தளர்த்தக் கூடியது. ஆகவே இந்த மருத்துவத்தில் ஓரளவு பொருள் இருந்தது. ஆனால் அதே காலத்தில் முதுகின் அடிப்பகுதியில் கொப்புளம் எழச் செய்வது போன்ற கொடிய முறைகளும் வழங்கின. குழந்தை சோம்பேறி, பிடிவாதக்காரன் என்ற எண்ணமும் பரவலாக இருந்தது. குற்றவாளி என்று முடிவு செய்தபின் காரணத்தை யார் தேடுவார்கள்?

பை எப்படி வேலை செய்கிறது?

சிறுநீர்ப்பை ஒரு வியப்பான பாத்திரம். ரப்பர் பலூனை ஊதத் தொடங்கும்போது மூச்சு முட்டுகிறது அல்லவா? சிறுநீர்ப்பை அப்படியன்று. நீர் சேரச் சேர அதன் சுவர் நெகிழ்ந்து கொடுப்பதால் உள்ளே அழுத்தம் மிகக் குறைவாகவே உயர்கிறது. குழந்தையின் வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்கினால், பையின் கொள்ளளவு ஏறத்தாழ எத்தனை மில்லிலிட்டர் என்று தெரியும். ஆறு வயதுச் சிறுவனுக்கு 210 மி.லி. வருகிறது.

சுவர் விரியும்போது அங்குள்ள நரம்புகள் தண்டுவடத்தின் அடிப்பகுதிக்குச் செய்தி அனுப்புகின்றன. அங்கிருந்து அது மூளைக்குச் செல்கிறது. 1925இல் பாரிங்டன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், சிறுநீர் கழிப்பதை ஆளும் மையம் ஒன்று மூளைத் தண்டில் இருப்பதைப் பூனைகளிடம் கண்டறிந்தார். 1997இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மனித மூளையிலும் அதைப் படம் பிடித்துக் காட்டினர். அந்த மையத்துக்கு மேலே அமர்ந்து, “இப்போது வேண்டாம், பொறு” என்று ஆணையிடுவது முன்மூளை. இந்த ஆணை பச்சைக் குழந்தைக்குக் கிடையாது. மெல்ல மெல்ல வளர்ந்து வருவது அது.

ஆக, பை, நரம்பு, தண்டுவடம், மூளைத் தண்டு, முன்மூளை என்ற நீண்ட கம்பித் தொடரில் எங்கே தாமதமோ பழுதோ நேர்ந்தாலும் துணி நனையும். இதில் ‘சோம்பல்’ எங்கே வந்தது?

மணி அடித்த படுக்கை

1904இல் ஃபான்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், படுக்கை நனைந்ததும் மருத்துவமனைச் செவிலியருக்குத் தெரியட்டும் என்று ஒரு மின்மணி அமைத்தார். இயற்பியல் மாணவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். இரண்டு உலோக வலைகளுக்கு நடுவே ஒரு துணி. உலர்ந்த துணி மின்சாரத்தைக் கடத்தாது. உப்புகள் கரைந்த சிறுநீர் பட்டதும் மின்சுற்று நிறைவு பெற்று மணி ஒலிக்கும். செவிலியருக்காக வைத்த மணி குழந்தைகளுக்குப் பாடம் கற்பித்தது! நாளடைவில் பலர் நனைப்பதையே விட்டனர். 1938இல் அமெரிக்காவில் மௌரர் தம்பதியர் 30 குழந்தைகளிடம் இம்முறையைக் கையாண்டு புகழ் பெறச் செய்தனர்.

ஆயினும் கடுமையான அறிவு வளர்ச்சிக் குறைவு உடையோருக்கு இதைக் கற்பிக்க இயலாது என்றே பலர் நம்பியிருந்தனர். 1971இல் அஸ்ரின், ஃபாக்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் அந்நம்பிக்கையை உடைத்தனர். காப்பகத்தில் வாழ்ந்த, கடுமையான அறிவுக் குறைபாடுடையவர்களுக்கு நிறையப் பானம் கொடுத்து, அடிக்கடி கழிப்பறையில் அமர்த்தி, வெற்றி பெறும் ஒவ்வொரு முறையும் பரிசளித்து, சில நாள்களிலேயே பெரும் முன்னேற்றம் கண்டனர்.

இன்று அறிந்த காரணங்கள்

1980களில் மேலும் இரு உண்மைகள் வெளிப்பட்டன. இரவில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் ஹார்மோன் சில குழந்தைகளிடம் போதுமான அளவு சுரப்பதில்லை என்று டென்மார்க் ஆய்வாளர்கள் காட்டினர். நாள்பட்ட மலச்சிக்கலும் சிறுநீர்ப் போக்குக்குக் காரணமாகலாம் என்று கனடாவில் ஓ’ரீகன் குழுவினர் எடுத்துக் காட்டினர். மலம் தேங்கிய குடல் பக்கத்திலுள்ள பையை நெருக்குகிறது, அவ்வளவுதான்!

வளர்ச்சி வேறுபாடுள்ள குழந்தைகளிடம் காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பை நிரம்பிய உணர்வே தெளிவாக எட்டாமல் போகலாம். கழிப்பறையின் எதிரொலியும் நாற்றமும் அச்சம் தரலாம். மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்குப் பை கட்டுக்கடங்காமல் சுருங்கலாம். உணர்வு வந்தாலும் நடந்து போய்ச் சேர நேரம் போதாமல் போகலாம். டவுன் நோய்க்குறியில் தசைத் தளர்ச்சி, மலச்சிக்கல், தைராய்டு குறைவு, தூக்கத்தில் மூச்சுத் தடை ஆகியவை சேரலாம். கவனக் குறைபாடுள்ள சிறுவன் விளையாட்டில் மூழ்கிக் கடைசி நொடிவரை அடக்குகிறான். வலிப்புக்கும் நடத்தைச் சிக்கலுக்கும் தரப்படும் சில மருந்துகளும் இதற்குக் காரணமாவதுண்டு. ஆனால் அவற்றை நாமாக நிறுத்தக் கூடாது.

இவை தவிர எல்லாக் குழந்தைக்கும் வரக்கூடிய நோய்களும் உண்டு. காய்ச்சலும் எரிச்சலும் இருந்தால் சிறுநீர்த் தொற்றா என்று பார்க்க வேண்டும். மிகுந்த தாகமும் எடை இழப்பும் இருந்தால் நீரிழிவுக்கான சோதனையை அன்றே செய்ய வேண்டும். கால் வலுவிழந்தாலோ, அடிமுதுகில் குழியோ மயிர்க்கற்றையோ தெரிந்தாலோ தண்டுவடத்தை ஆராய வேண்டும். “இந்தக் குழந்தை அப்படித்தான்” என்று விட்டுவிடுவதால் இத்தகைய நோய்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

நம் நாட்டில்

1984இல் செகந்திராபாத்தில் அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான தேசிய நிறுவனம் தொடங்கப்பெற்றது. 1985இல் சென்னையில் தோன்றிய ஸ்பாஸ்டிக் சங்கம் இன்று வித்யாசாகர் என வழங்குகிறது. 2005இல் முட்டுக்காட்டில் பல்வகை ஊனமுற்றோருக்கான தேசிய நிறுவனம் எழுந்தது. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், வளர்ச்சிக் குறைபாடுகளை முன்னரே கண்டறியும் மையங்கள் மாவட்டந்தோறும் அமையத் தொடங்கின. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பாகுபாடின்றிப் பள்ளியில் சேர்க்கப்படும் உரிமையை இக்குழந்தைகளுக்கு அளித்திருக்கிறது.

வாசகர்களே, அம்பத்தூரிலோ பூந்தமல்லியிலோ உங்கள் தெருவிலும் இப்படி ஒரு குழந்தை இருக்கலாம். பெற்றோருக்கு நீங்கள் சொல்லக் கூடியவை சில உண்டு. எப்போது குடிக்கிறான், எப்போது நனைக்கிறான், மலம் எப்படிப் போகிறது என்று சில நாள்கள் குறித்து வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு குழந்தை மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவருக்கு அது பெரிதும் உதவும். நனையும் என்று அஞ்சித் தண்ணீரை மறுக்க வேண்டாம்; அதனால் மலச்சிக்கல் மிகுந்து தொல்லையே கூடும். பேச வராத குழந்தைக்குக் கழிப்பறையைக் காட்டும் ஒரு படமோ சைகையோ கற்றுக் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, அடியை நிறுத்தச் சொல்லுங்கள். எவரும் வேண்டுமென்று தூக்கத்தில் நனைப்பதில்லை. நூற்றாண்டுகளாகக் குழந்தைகள் சுமந்த பழியை விஞ்ஞானம் நீக்கிவிட்டது. அச்செய்தியை வீடுகளுக்குக் கொண்டு சேர்ப்பது படித்தவர்களாகிய நம் பொறுப்பு.