அகன்ற அம்பு முத்திரை

அகன்ற அம்பு என்பது பிரித்தானிய அரசு தனக்குச் சொந்தமான பொருள்களில் இட்டுவந்த உடைமைக் குறி. ஒரு முனையில் கூடும் மூன்று குறுங்கோடுகள். பார்வைக்குக் காக்கைக் கால் தடம் போலிருக்கும். மரம், பீப்பாய், பீரங்கி, கைதிகளின் உடை என்று எல்லாவற்றிலும் இடம்பெற்ற இக்குறியை இன்று பழைய இராணுவத் துப்பாக்கிகளில்தான் அதிகம் காண்கிறோம். அதிகம் தவறாகப் படிக்கப்படுவதும் அங்கேதான். அம்பு சொல்வது ஒன்றே ஒன்று: இப்பொருள் எந்த அரசின் கணக்கில் இருந்தது என்பது. செய்தவர் யார், சுமந்தவர் யார், எந்தப் போருக்குப் போனது என்பவற்றுக்கெல்லாம் வேறு தடயங்களைத் தேட வேண்டும்.

இடைக்காலத்திலேயே இங்கிலாந்து அரசரின் சரக்குகளில் இக்குறி வழக்கில் இருந்தது. 1693 முதல் 1702 வரை படைக்கலத் துறைத் தலைவராக இருந்த ஹென்றி சிட்னி தம் குடும்பச் சின்னத்திலிருந்த அம்புமுனையை அரசுக் குறியாக்கினார் என்றொரு கதை உண்டு. குறி அவருக்கு மிக முந்தியது, கதையைத் தள்ளிவிடலாம். ஆனால் அவர் காலத்தில்தான், மூன்றாம் வில்லியத்தின் ஆட்சியில், அம்புக் குறியிட்ட அரசுச் சரக்கை உரிமையின்றி வைத்திருப்பது சட்டப்படி குற்றமாயிற்று. அமெரிக்கக் குடியேற்றங்களில் குறி காட்டுக்குள்ளும் போனது. 1691ஆம் ஆண்டின் மாசசூசெட்ஸ் பட்டயம் 24 அங்குலமும் அதற்கு மேலும் விட்டமுள்ள மரங்களைக் கப்பற்படையின் பாய்மரத் தேவைக்கென ஒதுக்கியது. வெண்பைன் மரங்களில் கோடரியால் அம்பு வெட்டினார்கள். இந்த மரச் சட்டங்களை எதிர்த்து 1772இல் நியூ ஹாம்ப்ஷயரின் வியர் ஊரில் கலகமே வெடித்தது.

இந்தியாவுக்கு வந்த துப்பாக்கிகளில் முதலில் இருந்தது அம்பு அல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக்குத் தனி முத்திரை இருந்தது: நான்காகப் பிரித்த இதய வடிவம், அதனுள் கம்பெனிப் பெயரின் முதலெழுத்துகள். 1808இல் அதன் இடத்தில் சிங்கம் வந்தது. ஃபிரான்சுடன் போர் மூண்டு ஆயுதம் போதாமல் போனபோது பிரித்தானிய அரசே கம்பெனியிடம் துப்பாக்கி வாங்கிற்று. கம்பெனியின் எளிய மாதிரியைத் தன் படைக்கும் ஏற்றுக்கொண்டது. ‘இந்தியா பேட்டர்ன்’ என்ற பெயரை மட்டும் வைத்து ஒரு துப்பாக்கி இந்தியாவில் இருந்தது என்று முடிவுகட்ட முடியாததற்குக் காரணம் இதுதான்.

பேரரசு விரிந்ததும் அம்பு கிளைத்தது. அம்பின் கீழ் ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் இந்திய அரசின் உடைமை. ‘சி’ எழுத்துக்குள் அம்பு கனடாவுடையது. இரண்டு ‘டி’க்களுக்கு நடுவே அம்பு ஆஸ்திரேலியாவுக்கு, ‘என்’, ‘இசட்’ நடுவே அம்பு நியூசிலாந்துக்கு, ‘யு’வுக்குள் அம்பு தென்னாப்பிரிக்காவுக்கு. இரண்டு அம்புகள் முனையோடு முனை மோதி நட்சத்திரம் போலத் தெரிந்தால் அரசு அதை விற்றுக் கணக்கிலிருந்து கழித்துவிட்டது என்று பொருள். இதைத் தேய்ந்துபோன அம்பாகவோ அலங்காரமாகவோ எடுத்துக்கொள்வோர் பலர்.

நம் காவல் நிலையங்களில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று வழங்கிய லீ-என்ஃபீல்டை வைத்து இவற்றைப் பழகலாம். மரக்கட்டையும் இரும்பும் சேருமிடத்தில், வலப்பக்கம், மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். முதலில் மகுடம், அதன் கீழ் ‘ஜி.ஆர்.’ என்ற அரசரின் முதலெழுத்துகள். பிறகு தொழிற்சாலைப் பெயர், ஆண்டு, துப்பாக்கி வகை. மூன்றாம் வகையெண்ணை அடுத்து ஒரு நட்சத்திரம் இருந்தால் அது 1916இல் ஏற்கப்பட்ட, போர்க்கால அவசரத்துக்காக எளிமையாக்கிய வடிவம். மகுடத்தோடு கூடிய சிறு எழுத்தும் எண்ணும் பரிசோதகருடையவை. குறுக்கே பின்னிய கொடிகள் குழல் வெடிமருந்துச் சோதனையில் தேறியதற்கு அடையாளம். இவை எவையும் உடைமைக் குறிகள் அல்ல. ‘டி.பி.’ என்ற எழுத்துகளை மட்டும் எந்தச் சூழலிலும் அலட்சியம் செய்யக் கூடாது: அணிப் பயிற்சிக்கு மட்டுமே உரியது, சுடத் தகாதது என்பதற்கான எச்சரிக்கை அது.

உடைமைக் குறி எவ்வளவு ஏமாற்றக்கூடும் என்பதற்கு மாசசூசெட்ஸின் சிக்கோபி ஃபால்சில் சாவேஜ் நிறுவனம் தயாரித்த நான்காம் எண் லீ-என்ஃபீல்டைக் காட்டலாம். பத்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டது. இவற்றில் மிகப் பலவற்றின் இடப்பக்கம் ‘யு.எஸ். பிராப்பர்ட்டி’ என்றிருக்கும். ஆனால் செய்தது பிரித்தானியப் படைக்காக. 1941 மார்ச்சில் வந்த கடன்-குத்தகைச் சட்டப்படி அமெரிக்க அரசு தன் பணத்தில் ஆயுதம் வாங்கி நேச நாடுகளுக்குக் கொடுத்தது. காகிதத்தில் உரிமை அமெரிக்காவுடையது. முத்திரை அந்தக் காகித உரிமையைத்தான் காட்டுகிறது.

குறி அழிந்த இடமும் ஆவணமே. 1945 சரணடைவுக்குப் பின் ஜப்பானிய அரிசாகா துப்பாக்கிகள் பலவற்றில் பேரரசரின் பதினாறு இதழ்ச் செவ்வந்தி அராவி எடுக்கப்பட்டது. அந்த அராவல் தடத்தையும் சேர்த்துத் துருவென்று பாலிஷ் போடுகிறவர்கள் திரும்பப் பெற முடியாத ஒன்றைத் தொலைக்கிறார்கள்.

இந்தியத் துப்பாக்கிகளில் இந்த அடுக்குகள் தெளிவாக நிற்கின்றன. வங்காளத்தின் ஈஷாப்பூர் தொழிற்சாலை பிரித்தானிய ஆட்சியில் மகுடத்தோடு ‘ஜி.ஆர்.ஐ.’ என்று பொறித்தது. கடைசி எழுத்து பேரரசர் பட்டத்துக்கு உரியது. குடியரசான பிறகு அதே இடத்தில் அசோகச் சிங்கமும் ‘ஆர்.எஃப்.ஐ.’ என்ற தொழிற்சாலைப் பெயரும் வந்தன. 1962 சீனப் போருக்குப் பின் 7.62 மி.மீ. தோட்டாவுக்காக அங்கே உருவான ‘2ஏ’, ‘2ஏ1’ வகைகளில் மகுடம் இல்லை. ஆனால் சிங்கமும் பெயரும் ஆண்டும் வகையும் பழைய வரிசையிலேயே, பழைய வலப்பக்கத்திலேயே பொறிக்கப்பட்டன.